முத்தத்துக்கு முப்பது வைரமா? காதல் கதை விளையாட்டுகளில் எதை எடுக்கலாம்

காரைதீவில் மாமி வீட்டுத் திண்ணை, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். மச்சாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் கோட்டுப் போட்ட ஒருத்தன் ஜன்னலோரம் நிற்கிறான். அவனுக்குக் கீழே இரண்டு பெட்டிகள். ஒன்றைத் தொட்டால் கதாநாயகி அவனைக் கட்டி முத்தமிடுவாள். அந்தப் பெட்டியின் மூலையில் சின்ன வைரப் படம், பக்கத்தில் 30 என்ற இலக்கம். மற்றப் பெட்டியைத் தொட்டால் 'நேரமாச்சு, நான் போறன்' என்று எழும்பிவிடுவாள். அதற்குச் செலவில்லை.

"பாருங்க மச்சாள், மூணு நாளா இவனோட கதைச்சிக்கிட்டு இரிக்கன். இப்ப முத்தம் குடுக்கக் காசி கேக்கிது. காசில்லாட்டி நானா எழும்பிப் போற மாதிரி எழுதி வெச்சிரிக்கானுகள்."

"என்னகா, மூணு நாள்ல எத்தின வைரம் போச்சி?"

பதில் வரவில்லை. மாமி உள்ளே இருந்தார்.

இப்படித்தான் எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. கல்லடியிலிருந்து கல்முனைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிற ஆள் நான். போகிற நேரமும் வருகிற நேரமும் போனில் கதை விளையாட்டுத்தான். பாலத்தடியில் ஓர் அத்தியாயத்தைத் தொடங்கினால் களுவாஞ்சிகுடி வரும்போது முடியும். ஆரையம்பதிக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையில் எத்தனையோ பேரைக் காதலித்திருக்கிறேன், இரண்டு மூன்று பேரைக் கைவிட்டும் இருக்கிறேன். ஆகவே, "உங்களுக்குத்தானே தெரியும், நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று மச்சாள் கேட்டபோது தட்ட முடியவில்லை.

அவளுடைய நிலவரத்தையும் சொல்ல வேண்டும். பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். போன் பழையது, அதில் அரைவாசி இடம் வாட்ஸ்அப் படங்களுக்கே போய்விட்டது. மாதம் ஒரு டேட்டா கார்ட். பகலுக்குக் கொஞ்சம், நடுச்சாமத்துக்குப் பிறகு தாராளம் என்ற வகை. ஆங்கிலம் விளங்கும், வாசிக்கிற வேகம்தான் காணாது. தம்பி ஒலுவில் கம்பஸில் படிக்கிறான், சனி ஞாயிறுகளில் மடிக்கணினியோடு வீட்டுக்கு வருவான். அவள் கேட்டது இரண்டே விசயம். கதை முடிய வேண்டும். முடிந்த பிறகு அந்தக் காதல் மனசில் நிற்க வேண்டும்.

இன்டரக்டிவ் ஃபிக்‌ஷன் என்று இவற்றுக்குப் பொதுப்பெயர். வாசிக்கிறவரே கதையின் ஆளாக நின்று அடுத்தது என்ன என்று தீர்மானிக்கிற கதை. 1976 அளவில் கணினியில் வந்த குகை விளையாட்டு ஒன்றிலிருந்துதான் இந்த வம்சம் தொடங்கியது. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சுச் செய்து விளையாட வேண்டும். குகை, புதையல், மந்திரவாதி என்று போய்க்கொண்டிருந்த அந்த வரிசையில் இன்ஃபோகொம் நிறுவனம் 1987இல் 'ப்ளண்டர்ட் ஹார்ட்ஸ்' என்ற கடற்கொள்ளையர் காதல் கதையை வெளியிட்டது. அதன் கதாநாயகி பெண். அந்த நிறுவனம் காதலுக்கென்றே போட்ட விளையாட்டு அது ஒன்றுதான்.

ஆனால் காதலை மாறி மாறிச் சொல்லி வளர்க்கிற வித்தை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து வயல்களில் வழங்கிய கவிகளை நினைத்துப் பாருங்கள். மச்சான் ஒன்று கேட்பான், மச்சி ஒன்று சொல்வாள். அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அவனுடைய அடுத்த கவி எழும்பும். அவள் குத்தலாகச் சொன்னால் அவனும் குத்துவான், அவள் இறங்கினால் இவனும் இறங்குவான். முன்னே சொன்னதை மறந்துவிட்டு யாராவது கவி பாடினால் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே சிரித்துவிடுவார்கள்.

நான் விளையாட்டுகளைப் பார்ப்பதும் இந்தக் கண்ணோடுதான். நான் சொன்ன சொல் எதிரில் இருக்கிறவரிடம் தங்குகிறதா? இரண்டாம் அத்தியாயத்தில் நான் சொன்ன பொய் எட்டாம் அத்தியாயத்தில் திரும்பி வருகிறதா? 'வேண்டாம்' என்று சொல்ல இடம் இருக்கிறதா, சொன்னால் அது மதிக்கப்படுகிறதா? படம், பாட்டு, உடுப்பு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் மச்சாளின் கையில் இருந்த வகை. 'சொய்ஸஸ்', 'எபிசோட்', 'சாப்டர்ஸ்' என்று ப்ளே ஸ்டோரில் வரிசையாக நிற்பவை. 'சொய்ஸஸ்' 2016இல் வந்தது. 'எபிசோட்' அதற்கும் முந்தியது, அதில் வாசகர்களும் தங்கள் கதையை எழுதிப் போடலாம். இறக்குவது இலவசம். ஓர் அத்தியாயம் திறக்க ஒரு சாவியோ ஒரு டிக்கட்டோ வேண்டும். அது முடிந்தால் மறுபடி ஊறும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் காசு கொடுக்கலாம். நல்ல காட்சிகளுக்கு வைரம் கேட்கும், விளையாட்டுக்குள் ஓடுகிற காசு அதுதான். 'சொய்ஸஸ்' மாதிரியானவற்றில் ஒரு தெரிவுக்கு 12 வைரம், 18 வைரம், முத்தம் மாதிரி விசேசமானதற்கு 30 வைரம் வரை போகும். அத்தியாயத்தை முடித்தால் சும்மா கிடைப்பது ஒன்றோ இரண்டோ. கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

குறை மட்டும் சொன்னால் அநியாயம். ஆங்கிலம் இலேசு, வசனங்கள் சின்னன், ஒவ்வொரு பேச்சுக்கும் முகம் மாறுகிற படம். ஆங்கிலத்தில் தத்தளிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி குறைவு. மச்சாளின் ஆங்கிலம் மூன்று மாதத்தில் நிமிர்ந்ததற்கு இந்த வகைக் கதைகளும் ஒரு காரணம்.

காதல் என்று பார்த்தால்தான் எனக்கு ஒட்டுவதில்லை. இவற்றில் அவன் எப்படியும் உங்களைக் காதலிப்பான். நீங்கள் எடுத்தெறிந்து பேசினாலும் அடுத்த அத்தியாயத்தில் பூவோடு நிற்பான். லட்சக்கணக்கானோர் ஒரே தண்டவாளத்தில் போக வேண்டிய கதை என்பதால், நீங்கள் செய்ததற்காக அவன் தடம் மாற வழியில்லை. காசு கொடுத்தால் அந்த இரவு நீளும், கொடுக்காவிட்டால் குறுகும். காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் காலையில் கதையின் ஒரே இடத்தில்தான் எழும்புவார்கள்.

எனக்கும் இந்தப் புத்தி சும்மா வரவில்லை. பெயர் எதற்கு, இந்த வகையில் ஒன்றை ஒரு காலத்தில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வங்கிக் கார்ட்டில் சின்னச் சின்னத் தொகையாகத்தான் போனது. ஒவ்வொன்றும் ஒரு கொத்துரொட்டி விலை. மாதக் கடைசியில் வங்கி எஸ்எம்எஸ்களைக் கூட்டிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பொங்கலுக்கு எடுத்த சேலையைவிடக் கூட. அந்தக் கதையின் நாயகனுடைய பெயர்கூட இன்றைக்கு ஞாபகமில்லை.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். படமே கிடையாது, வெறும் எழுத்து. 'சொய்ஸ் ஒஃப் கேம்ஸ்' 2009இல் தொடங்கிய நிறுவனம். நாவல் மாதிரி ஓடும், ஒரு பக்கத்தின் அடியில் நாலைந்து தெரிவுகள் நிற்கும். முதல் சில அத்தியாயங்களை இலவசமாக வாசித்துப் பார்க்கலாம். பிடித்தால் ஒரே தரம் காசு, பெரும்பாலானவை 10 டொலருக்குள். அதற்குப் பிறகு சாவியும் இல்லை, வைரமும் இல்லை. வெளியாட்கள் எழுதுவதைப் போட 'ஹோஸ்டட் கேம்ஸ்' என்று தனிப் பிரிவு உண்டு. காதலுக்கென்றே 'ஹார்ட்ஸ் சொய்ஸ்' என்ற பிரிவை 2019இல் தொடங்கினார்கள். எழுத்து மட்டும் என்பதால் மச்சாளின் நிரம்பி வழியும் போனிலும் இடம் கிடைக்கும்.

இதில் என்னை முதலில் பிடித்தது பழசு ஒன்று. 2010இல் வந்த 'சொய்ஸ் ஒஃப் ரொமான்ஸ்'. பிறகு அடுத்த பாகத்தோடு சேர்ந்து 'அஃபெயர்ஸ் ஒஃப் த கோர்ட்' என்ற பெயரில் கிடைக்கிறது. நீங்கள் நடுத்தரப் பிரபு வீட்டுப் பிள்ளை, அரச சபைக்கு வருகிறீர்கள், கலியாணம் பேச வேண்டும். ஒரு பக்கம் மனசுக்குப் பிடித்தவர், ஒரு பக்கம் சொத்துள்ளவர், எல்லாவற்றுக்கும் மேலே உங்களைக் கண்வைத்துவிட்ட அரசர் அல்லது அரசி. அரசருக்கோ ஏற்கெனவே கலியாணம் முடிந்துவிட்டது. ஆங்கிலேய மன்னர் எட்டாம் ஹென்றியின் கதையை நினைவூட்டுகிற சிக்கல் அது. சீதன வீடு, குடி என்கிற தாய்வழிக் குலம், பகுதி என்று கலியாணப் பேச்சுக்கால் நடப்பதைச் சின்ன வயதிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டில் விளக்கவுரை எதுவும் தேவைப்படாது. காதலுக்கும் வீட்டுக் கணக்குக்கும் இடையில் நின்று ஒரு பெட்டியைத் தொடுகிற அந்த நிமிசம் கை நடுங்கும். நான் முதல் தரம் சொத்தைத்தான் எடுத்தேன்.

இந்த வகையில் பெரிய பெயர் 'வேஹேவன் க்ரொனிக்கிள்ஸ்'. முதல் பாகம் 2018. ஊர்ப் பொலிசில் துப்பறிகிறவராக நீங்கள், உங்களுக்கு உதவ வந்து சேர்கிற இரத்தக்காட்டேரிகள் நாலு பேர். அந்த நாலு பேரும் ஆணா பெண்ணா என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். 'ஏ' (A) என்றால் அடம் அல்லது ஏவா, 'என்' (N) என்றால் நேட் அல்லது நட், இப்படி. ரசிகர்கள் ஏ, என், எம், எஃப் என்று எழுத்தால் மட்டுமே குறிப்பிடுவார்கள். ஏ என்பவர் இறுகிய முகத்தோடு கட்டளை போடுகிற தலைவர். அவரை மனசு இளக வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. 'என்' பட்டுப்போலப் பேசுவார், முதல் நாளே சாய்ந்துவிடுவீர்கள். எம்முக்கு எல்லாரோடும் எரிச்சல். எஃப்புக்கு எல்லாமே விளையாட்டு.

மெல்ல மெல்ல வேகிற காதலில் சுகம் காண்கிறவர்களுக்கு 'ஏ'தான் தெரிவு. ஒரு முழுப் பாகத்திலும் நடப்பது கை தவறுதலாகப் பட்டுவிடுவது, பார்வையைத் திருப்பிக்கொள்வது, சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்வது. அதற்காக, ஒருநாள் ஒரு வேலையாகக் குருக்கள்மடத்தில் இறங்க வேண்டியவள் நான் கல்லாறு வரை போயிருக்கிறேன். ஆனால் மச்சாள் கேட்ட முதல் விசயத்தில் இது அடிபடுகிறது. இது தொடர்கதை. மூன்றாம் பாகம் வந்தபோதும் ஏயின் காதல் பாதி வழியில்தான் நின்றது. பாகத்துக்குப் பாகம் காத்திருப்பு வருசக்கணக்கில். அந்தக் காத்திருப்பே ஒரு ருசி என்று சொல்கிறவர்கள் உண்டு. பொறுமை இல்லாதவர்கள் தொடாமலிருப்பது நல்லது.

இந்த வகையில் எனக்கு ஒரு கோபம் மட்டும் உண்டு. பல கதைகளில் ஒரு பக்கத்தைத் திறந்தால் உறவு நிலவரம் சதவீதமாக நிற்கும். இன்னாரோடு உறவு 62. நான் பகிடி விட்டேன், 66 ஆயிற்று. அதைப் பார்க்கத் தொடங்கினால் காதல் போய்ச் சோதனைப் பெறுபேறு வந்துவிடும். அவருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து ஊகித்துப் பதில் சொல்வோம், எங்களுடைய ஆளாக இருக்க மாட்டோம். என் முறை, முடியும்வரை அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

'மிஸ்டிக் மெசெஞ்சர்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மச்சாளுக்குக் கொடுத்தால் மாமி என்னை வீட்டுக்குள் எடுக்க மாட்டார். கொரியாவின் செரிட்ஸ் நிறுவனம் 2016இல் விட்டது. உங்கள் போன் கதைக்குள் இருக்கிற ஒரு குழுவின் அரட்டைச் செயலியாக மாறிவிடும். கதை 11 நாள், உண்மையான 11 நாள். காலை அரட்டை காலையில்தான் திறக்கும். நடுச்சாமம் தாண்டியும் அழைப்பு வரும், எடுத்தால் கொரிய மொழியில் ஒரு குரல் உங்களோடு பேசும். தவறவிட்டால் அந்த அரட்டை போனதுதான், அல்லது மணற்கடிகாரம் என்ற அவர்களுடைய நாணயத்தைக் கொடுத்துத் திறக்க வேண்டும். நீங்கள் ஒருவருக்குப் பிடித்த மாதிரிப் பதில் சொன்னால் அவருடைய நிறத்தில் ஓர் இதயம் திரையில் மிதந்து போகும். நாலு நாள் எல்லாரோடும் பேச்சு, ஐந்தாம் நாள் யாருடைய பாதையில் நீங்கள் விழுந்தீர்கள் என்பது தெரியும்.

சொன்னது தங்கவேண்டும் என்றேனே, அந்தக் கணக்கில் இது நல்ல புள்ளி வாங்கும். நேரத்தை நீங்கள் கொடுப்பதால் காதல் உண்மை மாதிரியே உடம்பில் ஏறும். இரவுக் கடமை செய்கிற தாதித் தோழி ஒருத்தி இதில் பித்துப் பிடித்து அலைந்தாள். ஒருபோதும் அரட்டை தவறியதில்லை, வார்ட்டில் விழித்துத்தானே இருக்கிறாள். வீட்டில் சாமத்தில் போன் வெளிச்சம் தெரிந்தால் 'ஆரோட கதைக்காய்?' என்று குரல் வருகிற வீடுகளுக்கு இது சரிப்படாது. 'கொரியாக்காரனோட' என்றா பதில் சொல்வது?

ஒரே பின்னேரத்தில் முடிய வேண்டும், ஆங்கிலமும் வேண்டாம் என்றால் 'ப்ளோரன்ஸ்'. 2018 காதலர் தினத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சின்ன விளையாட்டு. ஒரு தரம் காசு, ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும், வாசிக்க அநேகமாக ஒன்றுமே இல்லை. ப்ளோரன்ஸ் என்ற 25 வயதுப் பெண்ணுக்கும் செலோ வாசிக்கிற கிரிஷ் என்ற இந்திய வம்சாவளிப் பொடியனுக்கும் காதல். முதல் சந்திப்பில் அவள் பேச வேண்டிய பேச்சுக் குமிழி பல துண்டுகளாகக் கிடக்கும். அவற்றைப் பொருத்தினால்தான் அவளுக்கு வாய் திறக்கும். அடுத்தடுத்த சந்திப்புகளில் துண்டுகள் குறைந்துகொண்டே வரும். பேச்சு இலேசாகி வருவதை விரல் உணரும். சண்டை வரும்போது அந்தத் துண்டுகளுக்குக் கூர்முனை வந்திருக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்த இடம் வேறு. கிரிஷ் தன் சாமான்களோடு அவளுடைய வீட்டுக்குக் குடிவருகிறான். எங்கள் ஊர் வழக்கம் மாதிரியே, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு. இறாக்கையில் அவனுடைய பொருள்களை வைக்க இடம் காணாது. அவளுடையதில் எதை எடுத்து உள்ளே போடுவது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். ஒரு சொல் இல்லை, ஒரு வைரம் இல்லை. எங்கள் பெரியம்மா வீட்டு அலுமாரியில் பெரியப்பாவின் சாமான்கள் கடைசிவரை ஒரே ஒரு தட்டில்தான் இருந்தன, அது ஞாபகம் வந்தது.

ஆனால் இந்த விளையாட்டில் நீங்கள் எதைச் செய்தாலும் முடிவு மாறாது. அது சேர்ந்து வாழ்கிற முடிவும் இல்லை. மனசில் நிற்குமா என்று கேட்டால் நிற்கும். உங்கள் சொல்லால் வளர்ந்த காதலா என்றால், இல்லை. மச்சாளுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா, "இது நல்லா இரிக்கி, ஆனா இதுக்கு நான் தேவையில்லயே" என்றாள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

அதனால்தான் 'அவர் லைஃப்: பிகினிங்ஸ் அண்ட் ஒல்வேஸ்' பக்கம் போனோம். 2020இல் ஜிபி பட்ச் என்ற சின்னக் குழு விட்ட படக்கதை விளையாட்டு. விசுவல் நொவல் என்பார்கள். படம் இருக்கும், பின்னணிப் பாட்டு இருக்கும், கீழே எழுத்து ஓடும். அடிப்படைக் கதை முழுக்க இலவசம். மேலதிகக் காட்சிகளுக்கும், வேறு இரண்டு பொடியன்களைக் காதலிக்கிற பாதைகளுக்கும் மட்டும் காசு. எங்களிடம் இருந்தது கணினிப் பிரதி. எடை கொஞ்சம் கூட, சாமத்து டேட்டாவில்தான் இறக்கினோம்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பலம். கடலோரத்துச் சின்ன ஊர். உங்களுக்கு 8 வயது. முன்வீட்டுக்குத் தகப்பனோடு கோவ் என்ற பொடியன் குடிவருகிறான், யாரோடும் சேராத பிள்ளை. தகப்பன் உங்களைக் கூப்பிட்டு 20 டொலர் தந்து, என் மகனோடு கூட்டுச் சேர் என்கிறார். வாங்குவதா விடுவதா? பிறகு 13 வயது, பிறகு 18, கடைசியில் பெரிய மனிதர்களாக. வயசுக்கு வயசு இடைவெளி விட்டுக் கதை தாவும். நீங்கள் கூச்சப்படுகிற ஆளா, தொட்டுப் பேசினால் பிடிக்குமா பிடிக்காதா, இப்போது அவன் மேல் உங்களுக்கு என்ன எண்ணம் என்று விளையாட்டு உங்களையே கேட்கும். ஒன்றுமில்லை, நல்ல கூட்டாளி, ஒரு மாதிரி இருக்கிறது, காதல் என்று படிகள். எதைச் சொன்னாலும் அதற்குத் தோதாகக் கதை நடக்கும். கடைசிவரை கூட்டாளியாகவே இருந்தாலும் அது தோல்வி என்று காட்டப்படாது.

குறை? வில்லன் இல்லை, கொலை இல்லை, இழுத்துப் பறிக்கிற திருப்பம் இல்லை. சில காட்சிகள் ஐஸ்பழம் உருகுகிற வேகத்தில் போகும். கூத்தில் வடமோடிக்காரர் போர் வரட்டும் என்று காத்திருப்பார்களே, அப்படிப்பட்ட மனசுள்ளவர்களுக்குக் கொட்டாவி வரும்.

காசே செலவழிக்க மாட்டேன் என்கிறவர்களுக்கு இட்ச்.ஐஓ தளத்தில் ட்வைன் கதைகள் குவிந்து கிடக்கின்றன. ட்வைன் என்பது 2009இல் கிறிஸ் கிளைமஸ் உருவாக்கிய இலவசக் கருவி. அதில் எழுதிய கதை பிரவுசரிலேயே ஓடும், ஒரு பாட்டை இறக்குகிற டேட்டாகூட அநேகமாகத் தேவைப்படாது. எழுதுகிறவர்கள் காசுக்காக எழுதாததால், வைரக் கடைகளில் கிடைக்காத அந்தரங்கமான காதல்களும் விசித்திரமான காதல்களும் அங்கே உண்டு. ஒரே தொல்லை, பல கதைகள் முன்னோட்டத்தோடு நின்றுவிடும். முதல் மூன்று அத்தியாயம் தேன், நாலாவது எப்போது என்று எழுதியவருக்கே தெரியாது. தளத்தில் தேடும்போது 'முடிந்தது' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மனசைக் கொடுக்காதீர்கள். பழைய தட்டச்சு வகையில் 2000இல் வந்த 'கலாட்டியா'வை ஒருதரம் தொட்டுப் பார்க்கலாம். ஒரே அறை, ஒரே சிலை, அந்தச் சிலையோடு பேசுவதுதான் முழு விளையாட்டும். நீங்கள் எதைக் கேட்கிறீர்கள், எந்த ஒழுங்கில் கேட்கிறீர்கள் என்பதை வைத்துப் பல முடிவுகள். ஆனால் கேள்விகளை ஆங்கிலத்தில் நீங்களே தட்ட வேண்டும்.

தமிழில் எது இருக்கிறது என்று மச்சாளும் கேட்டாள். நான் 'வெண்பா'வைச் சொன்னேன். 2023இல் வந்தது, கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை, இட்டலியில் தொடங்கிச் சமைத்துச் சமைத்தே நகரும். வெண்பாவுக்கும் பாவலனுக்கும் இடையில் இருக்கிற அன்பு நல்ல அன்பு. ஆனால் அது கலியாணம் முடிந்த பிறகுள்ள கதை, காதலை நாங்கள் வளர்க்கிற விளையாட்டு இல்லை.

தமிழில் காதல் விளையாட்டு எழுதுவது கொஞ்சம் சிக்கல்தான். வேஹேவனில் ஏ ஆணா பெண்ணா என்று மாற்றினால் ஆங்கிலத்தில் பிரதிப்பெயர்களையும் சில சொற்களையும் மாற்றினால் போதும். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் மாற வேண்டும். சிரித்தான், சிரித்தாள், திரும்பினான், திரும்பினாள். 'அவர் சிரித்தார்' என்று போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் அந்த 'அவர்' காதலனை அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் ஆக்கிவிடும். அதே இடத்தில்தான் எங்களுக்கு ஒரு கொடுப்பினையும் இருக்கிறது. 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் எந்த நாளில் 'நீ' என்று வாய் தவறுவார்? அந்த இரண்டு எழுத்துக் குறைவதை ஒரு தெரிவாக வைத்தால் முப்பது வைர முத்தத்தைவிடப் பெறுமதி. ட்வைனில் தமிழ் எழுத்து ஒழுங்காகவே வருகிறது, நான் நாலு பக்கம் எழுதிப் பார்த்தேன். மட்டக்களப்பு பஸ் நிலையம், ஒரு குடை, இரண்டு பேர். ஐந்தாம் பக்கத்தில் அவள் எங்கள் ஊர்ப் பேச்சில் 'என்னகா' என்பது மாதிரிக் 'கா' போட்டுப் பேசுவாளா மாட்டாளா என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சரி, எதை எடுப்பது? கார்ட் வசதியும் பஸ் பயணமும் ஆங்கில வாசிப்பும் இருக்கிறவர் எழுத்து மட்டும் வகையை எடுங்கள். அதிலும் முடிந்த தனிக் கதையில் தொடங்குங்கள், வேஹேவனை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது, அழுதாலும் பரவாயில்லை என்றால் ப்ளோரன்ஸ். வைரச் செயலிகளை ஆங்கிலம் பழகுகிற நோக்கத்தோடு, கார்ட்டைச் சேர்க்காமல் வைத்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். காசும் இல்லை, கணினி கிடைக்கும், அவசரமும் இல்லை என்றால் 'அவர் லைஃப்'.

மச்சாள் இதில் கடைசியைத்தான் எடுத்தாள். தம்பி வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் மடிக்கணினி கைமாறியது. வைரச் செயலியை அழித்துவிட்டதாகச் சொன்னாள், நான் சோதிக்கவில்லை. சனிக்கிழமை இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி.

"மச்சாள், அந்த இருவது டொலர் கதைய அவனுக்கிட்டச் சொல்லவா வேணாவா? சொன்னா அழுதிருவான் போல இரிக்கி."

நான் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. நீலச் சரி விழுந்ததைக் கண்டு பத்து நிமிசத்தில் இன்னொன்று அனுப்பினாள். "சரி, நானே பாத்துக்கிறன்."